கோடைக்காலத்தில் வீட்டு பட்ஜெட் கைமீறாமல் இருக்க எப்படித் திட்டமிடுகிறீர்கள்?

நாங்கள் இருப்பது தாம்பரத்தில். நான், வீட்டுக்காரர், அத்தை, இரண்டு பிள்ளைகள். ஒருவர் சம்பளம்.

கோடைச் செலவு எங்களை ஏப்ரல், மே மாதங்களில் நெருக்குவதில்லை. ஜூனில்தான் நெருக்கும். எங்கள் தெருவில் ஏப்ரல் முதல் வாரமும் ஜூன் முதல் வாரமும் கரண்ட் ரீடிங் எடுப்பார்கள். கத்திரி வெயில் மொத்தமும் ஒரே பில்லில் வந்து விழும். அதே வாரம் பள்ளி திறப்பு: டெர்ம் ஃபீஸ், நோட்டு, யூனிஃபார்ம், ஷூ. மூன்று வருடம் முன்பு இரண்டும் சேர்ந்து வந்ததில் கம்மலை அடகு வைத்துத்தான் ஃபீஸ் கட்டினேன். கடையில் அதைக் கழற்றிக் கொடுத்த நிமிடம் இன்னும் மறக்கவில்லை. அதிலிருந்து மாசியிலேயே ஜூன் 15 வரைக்கும் கணக்குப் போட்டுவிடுகிறேன்.

முதலில் கரண்ட். நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒரு பில், முதல் 100 யூனிட் இலவசம் என்பது எல்லோருக்கும் தெரியும். 500-ஐத் தாண்டினால் என்ன ஆகும் என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. தாண்டிய யூனிட்டுக்கு 8 ரூபாய்க்கு மேல் போவது ஒரு பக்கம். 500-க்குள் இருந்தால் 101 முதல் 200 வரை கிடைக்கும் சலுகையும் போய்விடும். ஒருமுறை எங்களுக்கு 510 வந்தது. அந்தப் பத்து யூனிட்டுக்கு மட்டும் 300 ரூபாய்க்கு மேல் கூடுதலாகக் கட்டினோம்! இப்போது ரீடிங் எடுத்த அன்றே மீட்டர் எண்ணை அடுப்படி காலண்டரில் எழுதிவிடுவேன். ஞாயிறுதோறும் டார்ச் அடித்துப் பார்த்து அதன் கீழேயே எழுதுவேன். முப்பதாம் நாள் 250-ஐத் தாண்டியிருந்தால் ஏசி 26-இல் ஃபேனோடு ஓடும், எல்லோரும் ஒரே அறையில் படுப்போம். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பே சொல்கிறது. அத்தைக்கு வயதாகிவிட்டது, அதனால் ஏசியை அடியோடு நிறுத்தமாட்டேன். உடம்பைக் கெடுத்து மிச்சம் பிடிக்க வேண்டாம்.

அடுத்தது ஊர்ப் பயணம். திருநெல்வேலிக்கு ரயில் டிக்கெட். ரயில் முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாள் முன்புதான் திறக்கிறது. மே 5 கிளம்ப வேண்டுமென்றால் மார்ச் 6 காலை 8 மணிக்குப் போனும் கையுமாக உட்கார வேண்டும். விட்டால் ஆம்னி பஸ்தான். போகவர அந்த டிக்கெட் காசு ஒரு பிள்ளையின் நோட்டு, யூனிஃபார்ம் செலவை விழுங்கிவிடும்.

தண்ணீர் லாரிக்கு மே மாதம் இரண்டு லோடு என்று எழுதி வைத்துக்கொள்வேன், வராவிட்டால் லாபம். சாப்பாட்டில் பெரிய மாற்றம் இல்லை. இளநீர் வாரம் ஒருநாள். மற்ற நாள் ஒரு இளநீர் விலைக்கு அரை லிட்டர் தயிர் வாங்கினால் வீடு முழுக்க நீர்மோர். சித்திரை வெயிலில் அத்தை போடும் கூழ்வற்றலும் மோர்மிளகாயும் ஐப்பசி மழை வரை தொட்டுக்கொள்ள வரும்.

பள்ளிச் செலவுக்கு ஆகஸ்டிலேயே மாதம் 2,000 ரூபாய் ஆர்.டி. போடுகிறேன், ஒன்பது மாதத்துக்கு. மே மாதம் 18,000 ரூபாயும் வட்டியும் கைக்கு வரும். அதை ஊருக்குப் போகும்போது தொடுவதில்லை. உங்கள் வீட்டில் மே, ஜூலையில் ரீடிங் எடுப்பார்கள் என்றால் வெயில் இரண்டு பில்லாகப் பிரிந்துவிடும். அப்படியானால் இரண்டாவது பில்லுக்கு ஜூலையில் பணம் ஒதுக்குங்கள்.