விமான டிக்கெட்டை முதலில் யார் எடுப்பது?

அமெரிக்காவில் படிக்கும் பிள்ளைகள் கோடை விடுமுறையில் வெளிநாட்டு ஆய்வகங்களுக்குப் போவது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: என் மகள் டெக்சாஸில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அமெரிக்கக் குடியுரிமை உண்டு, குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அமெரிக்க அரசு தரும் பெல் கிராண்ட் வாங்குகிறாள். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். ‘அறிவியலில் பிரதிநிதித்துவம் குறைந்த மாணவர்கள்’ என்று அறிவிப்புகளில் போடுகிறார்களே, அதில் அவள் வருவாளா?

பதில்: இனக் கணக்கில் வரமாட்டாள். அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையான என்.எஸ்.எஃப். அந்தச் சொல்லால் குறிப்பது கறுப்பினத்தவர், ஹிஸ்பானிக் மக்கள், பூர்வகுடியினர் ஆகியோரை. ஆசியர்கள் அதில் சேர்த்தியில்லை. ஆனால் இன்ஜினியரிங்கில் பெண்கள் குறைவு என்பதால் அந்தக் கணக்கில் வருவாள். முதல் தலைமுறைப் பட்டதாரி, குறைந்த வருமானம், ஆய்வக வசதி குறைந்த கல்லூரி ஆகிய மூன்றையும் பல திட்டங்கள் தனியாகவே கேட்கும். அங்கே கூச்சப்படாமல் எழுதச் சொல்லுங்கள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலைக்குப் போகிறாள், கல்லூரியில் எந்தக் கருவி இல்லை என்று இரண்டு வரி போதும். கஷ்டத்தைப் பக்கம் பக்கமாக எழுத வேண்டாம்; ஆய்வைப் பற்றிச் சொல்ல இடமிருக்காது.

ஒன்று முக்கியம். 2025-ல் என்.எஸ்.எஃப். தன் முன்னுரிமைகளை மாற்றி, பல மானியங்களைப் பாதியில் நிறுத்தியது. பழைய அறிவிப்பு இணையத்தில் அப்படியே கிடக்கும். விண்ணப்பத்தில் உட்காருவதற்கு முன், இந்தக் கோடையில் திட்டம் நடக்கிறதா என்று ஒருங்கிணைப்பாளருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள்.

கேள்வி: எங்கே விண்ணப்பிப்பது? செலவை யார் பார்த்துக்கொள்வார்கள்?

பதில்: ஐ.ஆர்.இ.எஸ். எனப்படும் மாணவர் வெளிநாட்டு ஆய்வுத் திட்டத்துக்கு என்.எஸ்.எஃப்.பிடம் விண்ணப்பிக்க முடியாது. பணம் ஒரு பல்கலைக்கழகப் பேராசிரியருக்குப் போகும். ஆள் எடுப்பது அவர்தான். என்.எஸ்.எஃப். மானியத் தேடல் பக்கத்தில் திட்டப் பெயரையும் துறையையும் போட்டுத் தேடினால் யார் கையில் மானியம் இருக்கிறது என்று தெரியும். ஜெர்மனிக்கு, அந்நாட்டுக் கல்விப் பரிமாற்ற அமைப்பான டி.ஏ.ஏ.டி.யின் ‘ரைஸ்’ என்ற கோடை ஆய்வுப் பயிற்சி இருக்கிறது. அங்கே முனைவர் பட்ட ஆய்வாளர் ஒருவரோடு சேர்ந்து வேலை செய்யவேண்டும். பெல் கிராண்ட் வாங்கும் அமெரிக்கக் குடிமக்கள் வெளிநாடு போய்ப் படிக்க, அமெரிக்க அரசின் கில்மன் உதவித்தொகை 5,000 டாலர் வரை தரும். கில்மனில் நல்ல விண்ணப்பமும் தவறிப்போகும் ஓர் இடம் உண்டு. மாணவர் அனுப்பியதோடு வேலை முடிவதில்லை. கல்லூரியின் நிதியுதவி அலுவலரும் வெளிநாட்டுப் படிப்பு ஆலோசகரும் இணையத்தில் சான்றளிக்கவேண்டும். இரண்டு வாரம் முன்பே இருவரையும் நேரில் பார்த்துச் சொல்லிவையுங்கள்.

விண்ணப்பக் கட்டுரையில் ‘சிறு வயதிலிருந்தே ரோபோக்கள் மீது தீராத ஆர்வம்’ என்று ஆரம்பித்தால் படிப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. ‘விசை உணரி இருபது நிமிடத்தில் அளவு தவறியது, மோட்டார் சூடுதான் காரணம் என்று பிடித்தோம், ஒவ்வொரு அளவீட்டுக்கும் முன் பூஜ்யத்தைச் சரிசெய்தோம்’ என்று எழுதினால், இவளை ஆய்வகத்தில் விடலாம் என்று நம்பிக்கை வரும்.

இனி பணம். இடம் கிடைத்தும் போகாமல் நின்றுவிடும் பிள்ளைகளை நினைத்தால் மனம் ஆறுவதில்லை. பெரும்பாலும் காரணம் மதிப்பெண் அல்ல, பணம் வரும் நேரம்தான். ‘செலவு முழுவதும் எங்களுடையது’ என்று கடிதத்தில் இருக்கும். ஆனால் டிக்கெட்டை நீங்கள் எடுத்து, ரசீது கொடுத்து, பிறகு வாங்கிக்கொள்வதாக இருக்கும். முதல் உதவித்தொகை, நீங்கள் அங்கே போய்ச் சேர்ந்த பிறகே வரலாம். அறைக்கு முன்பணமோ முதல் நாளே கேட்பார்கள். அதனால் ‘வருகிறேன்’ என்று பதில் எழுதும் முன் மூன்றைக் கேளுங்கள்: டிக்கெட்டைப் பல்கலைக்கழகமே நேரடியாக எடுக்குமா? முதல் தவணை எந்தத் தேதியில்? அறை முன்பணம் யார் பொறுப்பு? கேட்டால் இடம் போய்விடும் என்று பயப்படவேண்டாம். புறப்படும் முன் ஒரு பகுதியைத் தர வழியிருக்கும் இடங்களில்கூடக் கேட்டவருக்குத்தான் கிடைக்கும்.

முதல் பாஸ்போர்ட்டுக்குக் கட்டணமாக 165 டாலர் எடுத்துவையுங்கள். சேர்க்கை முடிவுக்குக் காத்திராமல் இப்போதே எடுத்துவிடுவது நல்லது. வாழ்க்கைச் செலவுக்குத் தரும் உதவித்தொகைக்கு வரி உண்டு, ஆனால் பெரும்பாலும் பிடித்தம் செய்யாமல்தான் தருவார்கள். கொஞ்சம் ஒதுக்கிவைக்காவிட்டால் அடுத்த ஏப்ரலில் வரி கட்டும்போது கையைக் கடிக்கும்.

கேள்வி: மகனுக்கு கிரீன் கார்டு, இந்தியப் பாஸ்போர்ட். பிரான்சில் பத்து வாரம். அமெரிக்கத் திட்டம்தானே, விசா வேண்டுமா?

பதில்: கட்டாயம் வேண்டும். ஐ.ஆர்.இ.எஸ். கிரீன் கார்டுக்காரர்களை ஏற்கும்; ஆனால் எல்லையில் பார்ப்பது பாஸ்போர்ட்டை. பிரான்ஸ் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடைக்கு முன் விசா மையத்தில் நேரம் கிடைப்பது கஷ்டம் என்பதால், அழைப்புக் கடிதம் வந்த அன்றே பதிவு செய்யுங்கள். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். திரும்பும் தேதிக்குப் பிறகும் மூன்று மாதம் பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும். எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாள்தான் அங்கே தங்கலாம் என்பதுதான் கணக்கு: பத்து வாரத்துக்கு 70 நாள் போய்விடும், ஊர் சுற்ற மிச்சம் 20 நாள். பன்னிரண்டு வாரத் திட்டமென்றால் 84. மிச்சம் ஆறே நாள். போகும் நாளையும் திரும்பும் நாளையும் சேர்த்தே எண்ணுவார்கள். கடிதத்தில் ‘ஆய்வுப் பயிற்சி’ என்று இருந்தால் எந்த வகை விசா என்பதைத் தூதரகத்திடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: மதுரையில் படிக்கும் என் தம்பி இவற்றுக்கு விண்ணப்பிக்கலாமா?

பதில்: என்.எஸ்.எஃப். பணத்தில் நடப்பவற்றுக்கு முடியாது. குடியுரிமையோ கிரீன் கார்டோ இருக்கவேண்டும். இந்திய மாணவர்களுக்கு ஜெர்மனியின் ‘வைஸ்’ என்ற ஆய்வுப் பயிற்சி உண்டு, ஆனால் பட்டியலில் உள்ள கல்லூரிகளுக்கு மட்டும். கனடாவின் மைடாக்ஸ் குளோபலிங்க் ஆய்வுப் பயிற்சி பன்னிரண்டு வாரம். கல்லூரி பட்டியலில் இல்லையென்றால் ஜப்பானின் ஒக்கினாவா அறிவியல் தொழில்நுட்பக் கழகத்தைப் பாருங்கள். இளநிலையின் கடைசி இரண்டு ஆண்டுகளில் இருப்பவர் எந்த நாட்டவரானாலும் விண்ணப்பிக்கலாம். பயணச் செலவையும் தங்குமிடத்தையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.