மகரந்த ஒவ்வாமை: மூக்கு ஸ்பிரேயைக் கண்டு பயப்பட வேண்டுமா?

கேள்வி: மழை விட்டுப் பார்த்தீனியம் பூக்கத் தொடங்கினால் எனக்குக் காலையில் அடுக்குத் தும்மல், கண் அரிப்பு, மூக்கடைப்பு. மெடிக்கலில் வாங்கும் மாத்திரை போட்டால் வகுப்பில் தூக்கம் சொக்குகிறது. டாக்டர் தந்த ஸ்டீராய்டு ஸ்பிரேயை இரண்டு நாள் அடித்தேன். பலனில்லை. பழகிவிடுமோ என்ற பயத்தில் நிறுத்திவிட்டேன். என்ன செய்யலாம்?
– ஆசிரியை, உடுமலைப்பேட்டை

பதில்: அந்த ஸ்பிரேயை மறுபடி எடுங்கள். உங்களுக்கு இருக்கும் தொல்லைக்கு அதுதான் முதல் மருந்து. ஆனால் அடித்ததும் மூக்கைத் திறந்துவிடாது. முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும். தும்மல் வந்த அன்று மட்டும் அடித்தால் முழுப் பலன் கிடைக்காது. சீசன் தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பே ஆரம்பித்து, தினமும் அடிக்க வேண்டும். புளூட்டிகசோன் வகையில் ஒரு அழுத்தத்துக்கு வழக்கமாக 50 மைக்ரோகிராம்தான். அதிலும் ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. கண் அழுத்த நோய் இருந்தால் மட்டும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

பலரும் அடிக்கும் விதம் தவறு. தலையை அண்ணாந்தால் மருந்து தொண்டைக்குப் போய்விடும். சற்றே குனிந்து, வலது மூக்குக்கு இடது கையால், முனையை நடுத்தண்டிலிருந்து விலக்கிக் காதுப் பக்கம் பார்க்கப் பிடித்து அழுத்துங்கள். உறிஞ்சி இழுக்க வேண்டாம். நடுத்தண்டில் படப் படத்தான் ரத்தம் கசிகிறது.

பழகிவிடும் என்ற பயம் நியாயமானதுதான், ஆனால் அது வேறு மருந்துக்குரியது. மூக்கடைப்பை நிமிடத்தில் திறக்கும் சைலோமெட்டசோலின், ஆக்சிமெட்டசோலின் சொட்டு மருந்துகளை ஐந்து நாளுக்கு மேல் போட்டால், மருந்தே அடைப்பை உண்டாக்கும். வேடிக்கை என்னவென்றால், அதைக் கூசாமல் வாங்குகிறவர்கள்தான் ஸ்டீராய்டு என்றதும் மிரள்கிறார்கள்.

தூக்கத்துக்கு வருவோம். சளி மாத்திரைகளில் இருக்கும் குளோர்பெனிரமின் நன்றாகவே தூங்க வைக்கும், செட்ரிசின் சிலருக்கு. வகுப்பெடுக்க, வண்டி ஓட்ட பெக்சோபெனடின் பரவாயில்லை. அதைத் தண்ணீரில் விழுங்குங்கள், பழச்சாறு உடலில் சேர்வதைக் குறைத்துவிடும். மாண்டெலுகாஸ்ட் கலந்த மாத்திரையை நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். சிலருக்கு மனச்சோர்வு, கெட்ட கனவு வரும்.

வாசல் செம்பருத்தியைக் குற்றம் சொல்லாதீர்கள். அதன் மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது, காற்றில் அதிகம் பறக்காது. பார்த்தீனியம், புல், சீமைக்கருவேலம் இவைதான் சந்தேகப் பட்டியலில் முதலில் வரும். சீசனில் துணியை வெளியே காயப்போடாதீர்கள். முழு ஹெல்மெட்டின் கண்ணாடியை இறக்கி ஓட்டுங்கள். படுக்குமுன் தலையோடு குளியுங்கள். உப்பு நீரால் மூக்கைக் கழுவுவதானால் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் மட்டுமே.

வருடம் முழுக்க, படுக்கையை விட்டு எழும்போதே தும்மினால் அது மகரந்தமாக இல்லாமல் தூசி உண்ணியாக இருக்கலாம். தோல் பரிசோதனையில் தெரியும். அதற்குச் சில நாள் முன்பே, டாக்டர் சொல்லும் கணக்கில், ஒவ்வாமை மாத்திரையை நிறுத்த வேண்டும். நெஞ்சு இறுக்கமோ இரவில் வீசிங்கோ இருந்தால் தாமதிக்காமல் டாக்டரைப் பாருங்கள்.

பக்கத்து மனைப் பார்த்தீனியத்தை நீங்களே பிடுங்கப் போகாதீர்கள், தோலும் தடித்து அரிக்கும். ஒவ்வாமை இல்லாத ஒருவர் கையுறை போட்டு, பூக்குமுன் வேரோடு எடுக்கட்டும்.