ஊர் ஏரி, அரசு ஏரி – கடிதம்

வணக்கம்.

தாம்பரத்தை அடுத்த எங்கள் பகுதியில் குடியிருப்போர் நலச்சங்கத்தின் சார்பில் ஞாயிறுதோறும் ஏரியைச் சுத்தம் செய்கிறோம். ஆகாயத்தாமரையை அள்ளிக் கரையில் போட்டால், சில மாதங்களில் மறுபடி ஏரியை மூடிவிடுகிறது. அதிகாரிகள் வந்து படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். சிங்கப்பூர் தன் ஆற்றைப் பத்தே ஆண்டுகளில் மீட்டது என்று படிக்கும்போது, இங்கே அரசோடு சேர்ந்து வேலை செய்வதில் பொருள் உண்டா, பேசாமல் நீதிமன்றத்துக்குப் போய்விடலாமா என்று தோன்றுகிறது. இதற்கிடையே ஒரு நிறுவனம் கரையில் நடைபாதையும் நீரூற்றும் அமைத்துத் தர முன்வந்திருக்கிறது. ஏற்கலாமா?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

ஆகாயத்தாமரையிலிருந்தே தொடங்குகிறேன். கழிவுநீரில் கலந்து வரும் நைட்ரஜனும் பாஸ்பரசும்தான் அதற்கு உரம். அந்த உரம் நாள்தோறும் ஏரிக்குள் வந்துகொண்டிருக்கும்வரை நீங்கள் அள்ள அள்ள அது முளைக்கும். சித்திரை வெயிலில், பல நாட்களாக ஒரு துளி மழையும் இல்லாத பகலில், ஏரிக்குள் திறக்கும் மழைநீர் வடிகாலின் வாயருகே நின்று பாருங்கள். சாம்பல் நிறத் தண்ணீர் சோப்பு நுரையோடு ஓடிவரும். மழையே இல்லாதபோது மழைநீர் வடிகாலில் ஓடுவது தெருவிலுள்ள வீடுகளின் குளியலறை நீரும், பல இடங்களில் கழிவறைத் தொட்டியின் வழிநீரும்தான். உங்கள் சங்க உறுப்பினர்களின் வீட்டுக் குழாயும் அதில் இருக்கக்கூடும். ஞாயிற்றுக்கிழமை உழைப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அதன் ஒரு பகுதியையாவது கரையிலிருந்து தெருவுக்கு மாற்ற வேண்டும் என்கிறேன்.

சிங்கப்பூரைப் பற்றி நாம் வழக்கமாகப் பாதிக் கதையைத்தான் சொல்லிக்கொள்கிறோம். 1977 பிப்ரவரியில் பிரதமர் லீ குவான் இயூ, பத்தாண்டுகளில் சிங்கப்பூர் ஆற்றிலும் காலாங் ஆற்றிலும் மீன் பிடிக்கும் நிலை வர வேண்டும் என்று இலக்கு வைத்தார். 1987இல் பணி நிறைவெய்தியது. அந்தப் பத்தாண்டுகளின் பெரும்பகுதி ஆற்றுக்குள் செலவாகவில்லை. நீர்ப்பிடிப்புப் பகுதியில் இருந்த சுமார் 610 பன்றிப் பண்ணைகளும் 500 வாத்துப் பண்ணைகளும் அகற்றப்பட்டன. ஏறத்தாழ 5,000 தெருவோர உணவு வியாபாரிகள் குழாய்நீரும் கழிவுநீர் இணைப்பும் உள்ள அங்காடிகளுக்கு மாற்றப்பட்டனர். சுமார் 26,000 குடும்பங்களுக்கு அடுக்குமாடி வீடுகள் தரப்பட்டன. சரக்குத் தோணிகள் 1983இல் ஆற்றைவிட்டுக் கடலோரத்திலுள்ள பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பப்பட்டன. (19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அத்தோணித் தொழிலில் முன்னணியில் இருந்தவர்கள் தமிழகக் கரையிலிருந்து சென்ற சூலியர்கள் எனப்பட்ட தமிழ் முஸ்லிம்கள் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.) ஆற்றின் சேற்றை அள்ளியது கடைசிக் கட்டத்தில்தான். இதில் மக்களிடம் யாரும் பெரிதாகக் கருத்துக் கேட்கவில்லை. பல துறைகளை ஒரே ஆணையின்கீழ் நிறுத்திய அரசின் சாதனை அது. பொதுமக்களை நீர்நிலைகளோடு சேர்க்கும் திட்டத்தை அவர்கள் தொடங்கியது 2006இல். காலாங் ஆற்றின் கான்கிரீட் கால்வாயை உடைத்துப் பிஷான் பூங்காவுக்குள் மீண்டும் வளைந்து ஓடவிட்டு 2012இல் திறந்தது அதன் தொடர்ச்சி.

ஆகவே அங்கிருந்து நாம் எடுத்துக்கொள்ளத்தக்கது வேலையின் வரிசை: முதலில் கழிவு வரும் வழி, பிறகு நீர்நிலை, அதன்பின்னரே அழகு. அந்த வரிசைக்குள் மாற்று வீடும் அடங்கும். கூவம் கரையிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் நகருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கும் கூடப்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டபோது வீடு கிடைத்தது. பிழைப்பும் பள்ளியும் நகருக்குள்ளேயே தங்கிவிட்டன. உங்கள் ஏரிக்கரையிலும் குடிசைகள் இருந்தால், அங்கிருப்பவர்களும் குடியிருப்போர்தாம் என்பதை நலச்சங்கம் ஏற்றுக்கொண்டாக வேண்டும். அவர்கள் இல்லாமல் நடக்கும் கூட்டத்தை மக்கள் பங்கேற்பு என்று என்னால் அழைக்க இயலாது. ஆக்கிரமிப்பு என்றவுடன் குடிசையை மட்டும் பார்க்கும் பழக்கமும் நமக்கு உண்டு. பக்கிங்காம் கால்வாய்க்குள் பறக்கும் ரயிலின் தூண்களை இறக்கியதும், பள்ளிக்கரணைச் சதுப்பில் பெருங்குடி குப்பைக் கிடங்கை வளர்த்ததும் அரசு அமைப்புகளே.

இனி, சேர்ந்து வேலை செய்வதைப் பற்றி. நம் மரபில் குடிமராமத்து, அதாவது ஏரியை ஊராரே கூடிப் பராமரிக்கும் வழக்கம், இருந்தது என்று மேடைதோறும் சொல்கிறார்கள். தமிழக அரசும் 2017இல் அப்பெயரிலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கி, செலவில் 10 விழுக்காட்டை ஆயக்கட்டுதாரர்கள் (ஏரிப் பாசனம் பெறும் நிலத்துக்காரர்கள்) பணமாகவோ உழைப்பாகவோ பொருளாகவோ தர வேண்டும் என்றது. ஏரி நீரால் நெல் விளைந்த ஊரில் அதற்குப் பொருள் உண்டு. மதகைத் திறக்க நீர்க்கட்டி என்ற ஊர்ப் பணியாளர் இருந்தார். தண்ணீர் வராவிட்டால், வாய்க்காலின் கடைசியில் நிலம் வைத்திருந்த கடைமடைக்காரர் கேள்வி கேட்டார். உங்கள் ஏரியின் ஆயக்கட்டு நிலம் இன்று மனைப்பிரிவுகளாகிவிட்டது. ஏரி நிறைந்தால் எனக்கு என்ன என்ற கேள்விக்கு அங்கே இரண்டே விடைகள் மிஞ்சியிருக்கின்றன: ஆழ்துளைக் கிணற்றின் நீர்மட்டம், தெருவில் ஏறும் வெள்ளம். சென்னை 2015 டிசம்பரில் வெள்ளத்தையும் 2019 கோடையில் வறட்சியையும் பார்த்தது. சங்கத்துக்கு ஆள் சேர்க்க இயற்கையின் அழகைப் பேசுவதைவிட இவ்விரண்டையும் பேசுவது பயன் தரும்.

அரசு என்று நீங்கள் ஒருமையில் எழுதுகிறீர்கள். ஏரி நீர்வளத்துறையிடம், நிலப்பதிவேடு வட்டாட்சியரிடம், வடிகால் மாநகராட்சியிடம், கால்வாய் சாலையைக் கடக்கும் சிறுபாலம் பெரும்பாலும் நெடுஞ்சாலைத்துறையிடம். ஒவ்வொருவரும் தம் எல்லைக்குள் சரியாகவே வேலை செய்தும் ஏரி கெட முடியும். மேலும் அது தனித்த ஏரியும் அன்று. உங்கள் பகுதியில் சிட்லபாக்கம் ஏரியின் உபரிநீர் செம்பாக்கம் ஏரிக்குப் போகிறது. அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் வழியாகப் பள்ளிக்கரணையை அடைகிறது. நடுவில் ஒரு போக்குக் கால்வாய் அடைபட்டால், மேலே உள்ளவர்கள் எவ்வளவு தூர் வாரியிருந்தாலும் தண்ணீர் வீட்டுக்குள்தான் வரும். இந்தச் சங்கிலியை முழுவதாக நடந்து பார்க்கும் பொறுப்பு எந்த ஒரு துறையிடமும் இல்லை. அதை உங்களால் செய்ய முடியும்: மழைக்கு முன்பு, உபரிநீர் வெளியேறும் கலங்கலிலிருந்து அடுத்த ஏரிவரை நடந்து, ஒவ்வொரு கழிவுநீர் வாயையும் அடைப்பையும் வரைபடத்தில் குறித்து, அதே தாளை எல்லா அலுவலகங்களிலும் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். பக்கத்து ஏரிச் சங்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நீதிமன்றத்துக்குப் போகலாம், ஆனால் தீர்ப்பையும் கடைசியில் அதே வட்டாட்சியரும் பொறியாளரும்தான் நிறைவேற்ற வேண்டும். ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007இல் இயற்றப்பட்ட சட்டம், எல்லையை அளந்து குறிக்கும் கடமையை ஏற்கெனவே அதிகாரிகள்மேல் வைத்திருக்கிறது. அளவீடு நடந்ததா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள். நடக்கவில்லை என்றால், வழக்கில் கேட்பதற்குத் தெளிவான ஒரு கோரிக்கை கிடைத்துவிடும். ஏரியைக் காப்பாற்றுங்கள் என்ற பொதுவான மனுவைவிட, இன்னின்ன புல எண்களை அளந்து கல் நடுங்கள் என்ற மனு வலுவானது.

அந்த நிறுவனத்தின் பணத்தை மறுக்க வேண்டாம். நிதியாண்டு முடிவதற்குள் செலவுக்குக் கணக்குக் காட்ட வேண்டியிருப்பதால், கண்ணுக்குத் தெரிவதைக் கட்டவே அவர்கள் விரும்புவார்கள். நீரூற்று வேண்டாம், சாக்கடை நீரைக் காற்றில் தெளிப்பதாகவே அது முடியும். கழிவுநீர் நுழையும் வாயில் தடுத்துச் சுத்திகரிக்கும் அமைப்பைக் கேளுங்கள். அதன் மின்கட்டணத்தையும் பராமரிப்பையும் மூன்றாம் ஆண்டில் யார் ஏற்பார்கள் என்பதை நிறுவனம், மாநகராட்சி, நீர்வளத்துறை மூவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். நடைபாதை அமைத்தே தீருவோம் என்றால், எல்லைக்கல் நட்ட பிறகு, கரையை உட்பக்கமாக அகலப்படுத்தாமல், மண்பாதையாக அமைக்கச் சொல்லுங்கள். இதற்கு அவர்கள் உடன்படாவிட்டால் நன்றி சொல்லி அனுப்பிவிடலாம்.