டாரோவில் ஸ்ட்ரெங்த் 8-ஆ, 11-ஆ? சிம்மம் எந்தச் சீட்டுக்கு?

குறிசொல்லப் பயன்படும் டாரோ சீட்டுகளில் ஸ்ட்ரெங்த் (வலிமை) சீட்டுக்கு உங்கள் சீட்டுக்கட்டில் ஓர் எண்ணும் கையேட்டில் வேறு எண்ணும் இருக்கிறது, சிம்ம ராசி எந்தச் சீட்டுக்கு என்று கேட்கிறீர்கள். எண்ணை விடுங்கள், படத்தைப் பாருங்கள். சிங்கம் இருக்கும் ஸ்ட்ரெங்த்தான் சிம்மம். தராசு பிடித்த ஜஸ்டிஸ் (நீதி) சீட்டுதான் துலாம். சீட்டில் எந்த எண் போட்டிருந்தாலும் இது மாறாது.

உங்கள் சீட்டுக்கட்டில் ஸ்ட்ரெங்த் 8, கையேட்டில் 11 என்று இருப்பது அச்சுப்பிழையாக இருக்காது. கையேடு மார்செய் என்ற பழைய டாரோ கட்டின் வரிசையை வைத்து எழுதியதாக இருக்கும்; அதில் ஜஸ்டிஸ்தான் 8. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தில் இயங்கிய கோல்டன் டான் என்ற மறைஞானக் குழுவினர் சீட்டுகளுக்கு ராசி ஒதுக்கியபோது, அந்த வரிசையில் 8-இல் உள்ள துலாம் 9-இல் உள்ள கன்னிக்கு முன்னால் வந்து நின்றது. ஆகவே இரண்டு சீட்டுகளையும் இடம் மாற்றிவிட்டார்கள். 1909-இல் வந்த ரைடர்-வெயிட் கட்டும் அப்படியே. அதே குழுவில் இருந்த அலிஸ்டர் க்ரோலியின் தோத் டாரோ கட்டோ பழைய எண்ணுக்கே திரும்பியது, ராசியை மட்டும் மாற்றவில்லை. குழப்பத்துக்கு அவர் பங்கு!

நீங்களே சோதிக்கலாம்:

1. ஸ்ட்ரெங்த், ஜஸ்டிஸ் இருக்கும் பெரிய சீட்டுகளில் (மேஜர் அர்கானா) 4 முதல் 18 வரை அடுக்குங்கள்.
2. 10, 12, 16 மூன்றையும் எடுத்துவிடுங்கள். அவை முறையே வியாழன், நீர், செவ்வாய்; ராசிச் சீட்டுகள் அல்ல.
3. மீதி பன்னிரண்டு. எம்பரர் (4) மேஷத்தில் தொடங்கி மூன் (18) மீனத்தில் முடியும். ஸ்ட்ரெங்த் 8-இல் இருந்தால்தான் வரிசை உடையாது.

ஒன்று மட்டும் கவனம். டாரோவில் இந்தப் பொருத்தத்தைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் சாயன ராசியையே (மேற்கத்திய ஜோதிட முறை) எடுக்கிறார்கள். உங்கள் ஜாதகம் நிராயன முறையில் (நம் ஊர் ஜோதிட முறை) கணித்தது என்றால் சுமார் 24 பாகை தள்ளும். அதில் சிம்மம் என்று இருப்பதை நேராக ஸ்ட்ரெங்த்தோடு முடிச்சுப் போடாதீர்கள்.