காய்ச்சல் விட்ட பிறகு இதயத்தில் காக்சாக்கி பி எப்படி?

கேள்வி: தொண்டைச் சளிச் சோதனையில் வைரஸ் இல்லை. பிறகு எப்படி இதயத்தசை அழற்சிக்கு காக்சாக்கி பி வைரஸ் காரணம் என்கிறார்கள்?

தொண்டையில் இல்லாவிட்டாலும் இதயத்தில் இருக்கலாம். பி வகையில் 6 உட்பிரிவுகள்; இதய ஆய்வுகளில் அதிகம் அடிபடுவது பி3. செல்லின் மேற்பரப்பில் உள்ள 'கார்' என்ற ஏற்பிப் புரதத்தைப் பிடித்துச் செல்லுக்குள் நுழையும். உள்ளே அதன் 2ஏ நொதி, தசைச்செல்லின் சவ்வைத் தாங்கும் டிஸ்ட்ரோஃபின் புரதத்தை வெட்டிவிடும், கூரை உத்திரத்தை அறுப்பது போல. சவ்வு சிதைந்து ட்ரோபோனின் என்ற இதயத்தசைப் புரதம் ரத்தத்தில் கசியும்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். வைரஸின் மரபுப்பொருளான ஆர்என்ஏ, தன் ஒரு முனையில் (5 ப்ரைம் முனை) சில எழுத்துகள் உதிர்ந்த நிலையில், மிக மெதுவாகப் பெருகியபடி தங்கிவிடலாம். வைரஸைச் செல்களில் வளர்த்துப் பார்க்கும் சோதனையில் இது சிக்குவது அரிது; இதயத் தசைத்துணுக்கில் மரபுப்பொருளைப் பெருக்கிக் கண்டறியும் பிசிஆர் சோதனை செய்தால்தான் தெரியும். துணுக்கு எடுத்த இடத்தில் தொற்று இல்லையென்றால் அதுவும் நழுவும்.

இதயத்தசை அழற்சி வந்தவர்களுக்கு வழக்கமாகச் சொல்வது: 3 முதல் 6 மாதம் ஓட்டம், ஜிம் வேண்டாம். தொற்றிய எலிகளை நீந்தவைத்தபோது இதயத்தில் வைரஸ் பல மடங்கு பெருகியது.