குளிர் வந்தாலே பையனுக்கு ஏன் வலி வருது?

கூடலூர்லருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க: "பையனுக்கு 9 வயசு, சிக்கிள் செல் அனீமியா. டிசம்பர் பொறந்தாலே கைகால் வலின்னு துடிக்கிறான். குளிர்ல ரத்தம் உறைஞ்சிடுதா டாக்டர்? குளிர்ல வெளையாட விட்டது என் தப்பா?"

உங்க தப்பே இல்லம்மா. சிக்கிள் செல் அனீமியாங்கறது சிவப்பணு அரிவாள் மாதிரி வளைஞ்சிடற ரத்த நோய், இது அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்டருந்தும் வந்த ஜீன், நீலகிரி பழங்குடி மக்கள்ல இது இருக்குன்னு 1952லயே கண்டுபிடிச்சிருக்காங்க.

குளிர்ல ரத்தம் உறையறதும் இல்ல. நல்ல சிவப்பணு மெத்துன்னு இருக்கும், 8 மைக்ரான் அகலம் (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு), ஆனா தன்னைவிட குறுகலான குழாய்லயும் மடங்கி நெளிஞ்சு புகுந்துட்டு வெளிய வந்ததும் பழைய ஷேப்புக்கு வந்துடும். சிவப்பணுக்குள்ள ஆக்சிஜனை சுமக்கற புரதம்தான் ஹீமோகுளோபின். உங்க பையனோட ஹீமோகுளோபின்ல ஒரு எடத்துல குளூட்டாமிக் அமிலம்ங்கற அமினோ அமிலத்துக்குப் பதிலா வாலின்ங்கற வேற அமினோ அமிலம் இருக்கு, வாலின் எண்ணெய் மாதிரி, தண்ணியோட ஒட்டாது. ஹீமோகுளோபின் ஆக்சிஜனை எறக்கி வெச்சதும் அந்த வாலின் பக்கத்து ஹீமோகுளோபின்ல இருக்கற பள்ளத்துல போய் ஒளிஞ்சுக்கும், இப்படியே ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நார் நாரா வளந்து செல்லை உள்ளருந்தே அரிவாள் மாதிரி வெறைக்க வெச்சிடும்.

இதுல ஒரு விசேஷம், டெஸ்ட் டியூப்ல குளிர வெச்சா இந்த நார் கரைஞ்சிடும்! வாலின் ஒளியும்போது அதைச் சுத்தி ஒழுங்கா நின்ன தண்ணி மூலக்கூறெல்லாம் விடுபட்டு இஷ்டத்துக்கு ஓடும், அப்படி சுதந்திரம் கூடற லாபம்தான் (இதை என்ட்ரோபி லாபம்னு சொல்வாங்க) நாரைக் கட்டுது, குளிர்ல அந்த லாபம் குறைஞ்சிடும். அப்ப வலி ஏன்? குளிர்ல ரத்தக்குழாய் சுருங்குது, செல் மெதுவா போகுது. நார் உருவாக கொஞ்ச நேரம் பிடிக்கும், அதுக்குள்ள செல் குறுகலான எடத்தைத் தாண்டிட்டா தப்பிச்சுது, லேட்டானா அங்கயே வெறைச்சு அடைச்சிக்கும்.

அதனாலதான் தண்ணி தண்ணின்னு அடிச்சுக்கறோம். செல்லுக்குள்ள தண்ணி லேசா குறைஞ்சாலும் ஹீமோகுளோபின் நெருங்கி, நார் உருவாக ஆகற நேரம் பல மடங்கு சுருங்கிடும். குளிர்ல தாகம் தெரியாது, ஸ்கூல்ல அடிக்கடி தண்ணி குடிக்கவும் பாத்ரூம் போகவும் விடச்சொல்லி டீச்சர்கிட்ட பேசுங்க. ஸ்வெட்டர், சாக்ஸ் போடுங்க, வலிக்கற எடத்துல ஐஸ் வேண்டவே வேண்டாம். ஹைட்ராக்ஸியூரியாங்கற மருந்து குடுத்திருந்தா நீங்களா நிறுத்திடாதீங்க, பையன் கருவுல இருந்தப்போ இருந்த வகை ஹீமோகுளோபினை அந்த மருந்து கூட்டும், அந்த வகை இந்த நார்ல சேராது.

காய்ச்சல் 101 டிகிரி தொட்டாலோ, நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் வந்தாலோ, வயிறு திடீர்னு வீங்கினாலோ, ஒரு பக்கம் கைகால் தளந்தாலோ விடியட்டும்னு காத்திருக்காதீங்க, ராத்திரியா இருந்தாலும் 108க்கு கூப்பிடுங்கம்மா.