அரபு நாடுகளின் சண்டைகளில் ஓமன் மட்டும் எப்படி ஒதுங்கி நிற்கிறது? சுற்றிப் பார்க்க அங்கே என்ன இருக்கிறது?

முதல் காரணம் கடல். 1650-இல் போர்த்துகீசியரை மஸ்கட்டிலிருந்து விரட்டிய ஓமானியர், பிறகு கிழக்கு ஆப்பிரிக்காவின் சான்சிபார் வரை ஆண்டார்கள். பல நாட்டாரோடு வணிகம் செய்து பழகியவர்கள். அப்புறம், சன்னி, ஷியா இரண்டிலும் சேராத இபாதி பிரிவினர் அங்கே அதிகம். 1970-இல் தந்தையை அகற்றிவிட்டு ஆட்சிக்கு வந்த சுல்தான் காபூஸ், 2020-இல் இறக்கும்வரை ஈரானோடும் அமெரிக்காவோடும் ஒருசேர உறவு வைத்திருந்தார். 2017-இல் சவுதியும் அமீரகமும் கத்தாரோடு உறவை முறித்தபோதும் ஓமன் அதில் சேரவில்லை. ஆனால் அரசியல் கட்சிகளுக்கு அங்கே அனுமதி இல்லை. இறுதி முடிவு சுல்தானுடையதுதான்.

பயணம் என்றால், ஜூலை, ஆகஸ்டில் தெற்கு ஓமனில் உள்ள சலாலா நகருக்குப் போங்கள். குற்றாலத்தில் சாரல் தரும் அதே தென்மேற்குப் பருவக்காற்றுதான் அங்கேயும் மலைகளைப் பச்சையாக்குகிறது. பாலைவன நாட்டில் அந்தப் பனிமூட்டத்தைப் பார்ப்பது தனி அனுபவம்!